ருசி பார்ப்பது சாப்பாட்டில் சேராது

பேக்கரிக்காரர் மகள் பெருத்துக்கொண்டே போவதை முதலில் கண்டுபிடித்தவர்கள் பெற்றவர்கள் இல்லை, எதிர்க்கடைத் தையல்காரர்தான். அவருக்கு மனிதர்கள் எல்லாருமே அங்குலக் கணக்கு. முகம் மறந்தாலும் இடுப்பளவு மறக்காது. பள்ளிக்கூடம் திறந்தபோது தைத்துக் கொடுத்த பாவாடையை அரையாண்டுப் பரீட்சைக்குள் மூன்று தடவை பிரித்து விட்டிருந்தார். நான்காவது தடவை அது கைக்கு வந்தபோது மடிப்பில் பிரிப்பதற்குத் துணியே மிச்சமில்லை. பாவாடையைத் தோளில் போட்டுக்கொண்டு தெருவைத் தாண்டி வந்துவிட்டார்.

"தம்பி, சொன்னா தப்பா எடுத்துக்காதே. இதுல இனிமே விடறதுக்கு ஒண்ணுமில்ல."

"புதுசா ஒண்ணு தெச்சிடுங்கண்ணே. வளர்ற பிள்ளை."

"வளரட்டும், வேண்டாங்கல. நீளத்துல வளரணும். இது அகலத்துல மட்டும்தானே வளருது?"

"பேக்கரிக்காரன் வீட்டுப் பிள்ளை ஒட்டடைக்குச்சி மாதிரி இருந்தா நம்ம கடையில எவன்ணே ரொட்டி வாங்குவான்?"

தையல்காரர் சிரித்தார். பேக்கரிக்காரரும் சிரித்தார். இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. அந்தச் சிரிப்புக்காகப் பேக்கரிக்காரர் இன்றும் தன்னை மன்னிக்கவில்லை.

நல்ல தெரு அது. ஒரு முனையில் பள்ளிக்கூடம், மறு முனையில் மரப் பட்டறை. நடுவில் காப்பிக்கொட்டை வறுத்து அரைக்கிற கடை, சைக்கிள் கடை, தையல்கடை, அதற்கு எதிரே பேக்கரி. காலை ஆறு மணிக்கு முதல் தட்டு ரொட்டி அடுப்பிலிருந்து வெளியே வரும்போது தெருவே புரண்டு எழும் என்பார்கள். அலாரம் வைத்து எழுந்தவர்கள் அங்கே குறைவு. முன்பக்கம் கண்ணாடி அலமாரி வைத்த கடை; அங்கே அவர் மனைவி நிற்பாள். பின்பக்கம் நீளமான வேலையறை. செங்கல் அடுப்பு, எண்ணெய் ஊறிக் கறுத்த மரமேசை, சுவரோரம் மாவு மூட்டைகள். மேசையின் ஒரு முனையில் மாவு பிசைகிறவர். இருபது வருஷமாக மாவைத் தவிர வேறெதையும் அடித்தறியாதவர் என்று தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்வார். இன்னொரு முனையில், கவிழ்த்துப் போட்ட ஒரு தகர டின்னின் மேல், மகள் பன்னு.

அவளுக்குப் பள்ளிக்கூடத்தில் வேறு பெயர் இருந்தது. வருகைப் பதிவேட்டைத் தவிர அதை யாரும் பயன்படுத்தவில்லை. பிறந்தபோது சூடாக, உருண்டையாக, மேலே லேசாகச் சிவந்து இருந்தாள் என்று அப்பா வைத்த பெயர் பன்னு. ஒன்பது வயதில் அதே பெயரைப் பிள்ளைகள் வேறு மாதிரிக் கூப்பிட்டார்கள். ஓட்டப்பந்தயத்தில் அவளைச் சேர்த்துக்கொள்வதில்லை. மாடிப்படி ஏறினால் பாதியில் நின்று கைப்பிடியைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அதனாலேயே மணி அடித்ததும் நேராக வேலையறைக்கு வந்துவிடுவாள். அந்த டின்னின் மேல் உட்கார்ந்துவிட்டால் அவள் பெரிய மனுஷி. காரணம் அப்பாவுக்கும் அவளுக்கும் மட்டுமே தெரியும்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவருக்கு ஒரு காய்ச்சல் வந்தது. பத்து நாள் படுத்து எழுந்தார். எழுந்த அன்று மனைவி கொடுத்த காப்பி வெந்நீர் போல இருந்தது. சர்க்கரை போட மறந்துவிட்டாள் என்று நினைத்து ஒரு கரண்டி போட்டார். பிறகு இன்னொன்று. பிறகு சர்க்கரையை அப்படியே வாயில் போட்டுப் பார்த்தார். மணலை மென்ற மாதிரி இருந்தது. மூக்கும் போயிருந்தது. அடுப்புக்குள் தலையை விட்டாலும் சூடுதான் தெரிந்தது, ரொட்டி தெரியவில்லை. இன்றைக்குச் சரியாகும், நாளைக்குச் சரியாகும் என்று ஒரு மாதம் ஓட்டினார். அந்த மாதத்தில் ஒருநாள் பன்னில் உப்பு இரண்டு தடவை விழுந்துவிட்டது. வாங்கினவர்கள் திருப்பிக்கொண்டு வந்தார்கள். அவர் கூசாமல் மாவுக்காரரைப் பார்த்து, "உங்களுக்குக் கை தடுமாற ஆரம்பிச்சிடுச்சு" என்றார். மாவுக்காரர் தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

பாட்டுக்காரனுக்குக் காது போன மாதிரி ரொட்டிக்காரனுக்கு நாக்குப் போனது. வெளியே சொன்னால் எவன் வாங்குவான்? மனைவியிடம்கூடச் சொல்ல வாய் வரவில்லை. ஒருநாள் சாயங்காலம் மகள் கிரீமைத் தொட்டு நக்கிவிட்டு, "அப்பா, வெண்ணெய் பழசு" என்றாள். டப்பாவைத் திருப்பிப் பார்த்தார். பழசுதான். அன்றையிலிருந்து அவள்தான் அவருடைய நாக்கு.

கெட்டிக்கார நாக்கு அது. "உப்பு ஒரு சிட்டிகை கம்மி", "ஜாம் லேசா அடி பிடிச்சிருக்கு", "நேத்து கேக்குதான் நல்லா இருந்துச்சு". ஏழு வயதிலேயே தீர்ப்புச் சொல்கிற மாதிரிச் சொல்வாள். காலையில் பள்ளிக்கூடம் போகும் முன் ஒரு சுற்று. சாயங்காலம் கேக்கும் கிரீமும் போடும்போது ஒரு சுற்று. சில நாள் இரண்டு. மாவுக்காரர் அந்தப் பக்கம் நகர்ந்த நேரமாகப் பார்த்துத்தான். அது சாப்பிடுவது என்று இருவருக்குமே தோன்றவில்லை. பேக்கரித் தொழிலில் ஒரு சட்டம் உண்டு. அவர் வேலை பழகின இடத்திலும் அதே சட்டம்தான். கடைச் சரக்கை வேலைக்காரன் தின்றால் திருட்டு. கிள்ளி வாயில் போட்டால் திருட்டில்லை. ருசி பார்ப்பது சாப்பாட்டில் சேராது. மகளுக்கும் அதையே சொல்லிக் கொடுத்திருந்தார்.

அந்த வருஷம் பள்ளிக்கூடத்தில் எல்லாப் பிள்ளைகளையும் நிறுத்து, அளந்து, பன்னுவிடம் மட்டும் ஒரு சீட்டைக் கொடுத்து அனுப்பினார்கள், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகச் சொல்லி.

டாக்டரம்மா சின்ன வயசுக்காரர். குரல் மட்டும் பெரிய வயசு. பிள்ளையின் கழுத்தைத் திருப்பிப் பார்த்தார். பின்கழுத்தில் கறுப்பாக, தடிப்பாக, பட்டை போல இருந்தது.

"இது எத்தனை நாளா இருக்கு?"

அம்மாக்காரி கூசிப்போனாள். "அழுக்குதாங்க டாக்டர். தினமும் நார் போட்டுத் தேய்க்கிறேன், போக மாட்டேங்குது."

"தேய்க்காதீங்கம்மா, பாவம். இது அழுக்கில்ல. உள்ள சர்க்கரையச் சமாளிக்க முடியாம உடம்பு திணறுதுன்னு வெளிய எழுதிக் காட்டுது."

ரத்தம் எடுத்தார்கள். வயிற்றில் குளிர்ந்த பசையைத் தடவி ஸ்கேன் எடுத்தார்கள். பன்னு கூச்சத்தில் நெளிந்து சிரித்தாள். இரண்டு நாள் கழித்துப் போனபோது டாக்டரம்மா சிரிக்கவில்லை.

"ஈரல்ல கொழுப்பு படிஞ்சிருக்கு."

பேக்கரிக்காரர் பதறிவிட்டார். "ஈரலா? அது குடிக்கிறவங்களுக்குத்தானே டாக்டர் கெடும்? எங்க வீட்டுல அந்த வாடையே கிடையாது."

"ஜூஸ், சோடா, இனிப்பு, கேக்கு, மைதா. அளவில்லாம உள்ள போனா சின்னப் பிள்ளைக்கும் இதே கதிதான். உங்க கடையில எது இல்ல சொல்லுங்க?"

"சரிங்க, மாத்திரை எழுதிக் கொடுங்க. எவ்வளவு விலையானாலும் பரவால்ல."

"மாத்திரை கிடையாது."

"டானிக்?"

"டானிக்கும் கிடையாது. ஊசியும் கிடையாது."

பேக்கரிக்காரர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். மருந்தில்லாத வியாதி என்றால் ஒன்று அது வியாதியே இல்லை, இல்லையென்றால் கைவிட்ட கேஸ் என்பது அவர் கணக்கு. டாக்டரம்மா முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டார் போல.

"பயப்படாதீங்க. ஈரல் மாதிரி மன்னிக்கிற உறுப்பு உடம்புல வேற இல்ல. இப்பவே நிறுத்தினா அதுவே தன்னச் சரி பண்ணிக்கும். விட்டுட்டீங்கன்னா நாளைக்குத் தழும்பு விழும். தழும்பு விழுந்த ஈரல் திரும்பறது கஷ்டம். பட்டினி போடக் கூடாது. எடை குறையணும்னுகூட நான் சொல்லல. எடை இப்படியே நிக்கட்டும், உயரம் ஏறட்டும். இனிப்பத் தொடக் கூடாது, வீட்டுல எல்லாருக்கும் ஒரே சாப்பாடு, தினமும் ஒரு மணி நேரம் நடக்கணும், இல்ல ஆடணும். அப்புறம் ஒரு நோட்டுப் போடுங்க. வாய்க்குள்ள போறது எல்லாத்தையும் எழுதுங்க. மூணு மாசம் கழிச்சுப் பாக்கலாம்."

அவர் மனைவி ஒன்றில் இறங்கினால் பாதியில் ஏறமாட்டாள். அன்று சாயங்காலமே வீட்டில் இருந்த ஜூஸ் பாட்டில்களைக் கழுவுதொட்டியில் கவிழ்த்தாள். சர்க்கரை டப்பா அலமாரியின் உச்சிக்குப் போய்விட்டது. காய்கறி, கீரை, முட்டை, பயறு என்று சமையல் மாறியது. மாவுக்காரருக்கும் சர்க்கரை இல்லாத காப்பிதான். அவர் முதல் நாள் ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரை மேசையில் வைத்தார்.

"ஏம்மா, எள்ளுதான் எண்ணெய்க்குக் காயுது, எலிப்புழுக்கை எதுக்குக் காயணும்?"

"டாக்டர் எல்லாருக்கும்னு சொல்லிட்டாங்க. உங்களுக்கும்தான் தொப்பை தெரியுது."

"இது தொப்பையா? இது இருபது வருஷ சர்வீசும்மா" என்று வயிற்றைத் தட்டிக் காட்டினார். ஆனாலும் குடித்தார். அந்த வீட்டு மனிதர்கள் அப்படி.

நோட்டும் போட்டாயிற்று. நீல அட்டை போட்ட நாற்பது பக்க நோட்டு. பன்னு தன் குண்டுக் கையெழுத்தில் எழுதுவாள். 'காலை: ஒரு முட்டை, அரை கப் பயறு. மதியம்: காய்கறி, கொஞ்சம் சோறு. மாலை: ஒரு ஆப்பிள்.' ராத்திரி படுக்கும்முன் அம்மா கேட்பாள், "வேற ஏதாவது சாப்பிட்டியா?" அவள் கண்ணைப் பார்த்து "இல்லம்மா" என்பாள். பொய் சொல்கிற பிள்ளை இல்லை அவள். ருசி பார்த்ததைச் சாப்பாட்டில் எப்படி எழுதுவது? அப்பாவே சொல்லியிருக்கிறார், சேராது என்று. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். இங்கே மறைத்தவர்களுக்கே மறைக்கிறோம் என்று தெரியவில்லை.

அவருக்குமா தெரியவில்லை என்று கேட்டால், அதுதான் சங்கடமான கேள்வி. கொஞ்சம் தெரியும். 'கிள்ளிக் கிள்ளித்தானே கொடுக்கிறேன், அதில் என்ன வந்துவிடப் போகிறது' என்று தனக்குத் தானே சொல்லிக்கொள்கிற அளவுக்குத் தெரியும்.

மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது எடை இரண்டரைக் கிலோ ஏறியிருந்தது. ரத்தத்தில் ஈரல் கேட்டைக் காட்டுகிற அளவும் மேலே போயிருந்தது. டாக்டரம்மா நோட்டை முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை நிதானமாகப் படித்தார். பிறகு மூடி மேசைமேல் வைத்தார்.

"இந்த நோட்டுல இருக்கறதச் சாப்பிடற பிள்ளை இவ இல்ல."

"சத்தியமா டாக்டர், நானே என் கையால..." அம்மாக்காரி நோட்டைத் தன் பக்கம் இழுத்துத் திறந்தாள்.

"உங்க மேல குறை சொல்லலம்மா. எங்கேயோ ஒரு ஓட்டை இருக்கு. கண்டுபிடிங்க. இந்த வயசுல இந்த அளவு எனக்குப் பிடிக்கல."

பன்னு நாற்காலி நுனியில் உட்கார்ந்து தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். பேக்கரிக்காரர் சன்னல் வழியே தெருவைப் பார்த்தார். அந்த அறையில் இருந்த நால்வரில் ஓட்டை எது என்று அவருக்கு மட்டும் தெரிந்தது. அங்கேயே சொல்லியிருக்கலாம், நாக்கு எழவில்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் மனதுக்குள் கூட்டிப் பார்த்தார். காலையில் பன், அதற்குள் வைக்கிற இனிப்பு, ஜாம், பிஸ்கட் மாவு. சாயங்காலம் கிரீம் இரண்டு தடவை, கேக்கு நாலு வகை, சர்க்கரைப் பாகு. கிள்ளல் கிள்ளலாகச் சேர்த்தால் ஒரு நாளைக்கு ஒரு முழுக் கேக்குக்குக் கிட்டத்தட்ட வந்தது.

இரண்டு நாள் அவளைக் கூப்பிடவில்லை. "போய்ப் படி" என்று விரட்டினார். அவள் வேலையறை வாசலில் நின்று பார்த்துவிட்டுப் போனாள். மூன்றாம் நாள் பள்ளிக்கூட ஆண்டுவிழாவுக்கு நூற்றைம்பது கிரீம் கேக்கு சொல்லியிருந்தார்கள். கிரீமை அடித்து வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றார். வெண்ணெய் சரியா, இனிப்பு சரியா, எதுவும் தெரியவில்லை. கண்ணை மூடிக்கொண்டு ரோட்டைக் கடக்கிற மாதிரி இருந்தது. மாவுக்காரர் மூட்டை இறக்கப் போயிருந்தார். மகள் அப்போதுதான் பையைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

"பன்னு, ஒரே ஒரு தடவ. இதோட சரி."

அவள் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே. இரண்டு நாளாக வேலை போனவள் மாதிரி இருந்தாள். ஓடிவந்து டின்னில் ஏறி உட்கார்ந்தாள். கரண்டியைக் கையில் கொடுத்துவிட்டு, அடுப்பில் ரொட்டி சிவந்துவிட்டதே என்று அவர் அந்தப் பக்கம் திரும்பினார். அந்த நேரத்தில்தான் காலித் தட்டை எடுக்க மனைவி உள்ளே வந்தாள்.

மகள் தனியாக உட்கார்ந்து கிரீம் கரண்டியை வாய்க்குள் வைத்திருந்தாள். கையும் களவுமாக என்பது இதுதான்.

"அடிப்பாவி!" தட்டு கீழே விழுந்தது. "இதுதானா அந்த ஓட்டை? ஊரெல்லாம் தேடறேன், உனக்காக நாங்க எல்லாரும் வாயக் கட்டிக்கிட்டுக் கெடக்கறோம், நீ இங்க உக்காந்து திருடித் தின்னுக்கிட்டு இருக்கியா?"

முதுகில் ஒன்று வைத்தாள். அந்தத் தாய் அதுவரை பிள்ளைமேல் கைநீட்டியதில்லை. பன்னு கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அப்பாவைப் பார்த்தாள். சொல்லு என்று பார்க்கவில்லை. சொல்லமாட்டேன் என்று பார்த்தாள்.

அவர் நீளக் கட்டையால் அடுப்பிலிருந்து ரொட்டித் தட்டை இழுத்துக்கொண்டிருந்தார். தட்டை இழுத்து, மேசையில் வைத்து, இரண்டாவது தட்டையும் இழுத்தார். ஒரு தட்டு ரொட்டி எடுக்கிற நேரம் எவ்வளவு இருக்கும்? அந்த நேரத்தை அவர் இன்றுவரை தாண்டி வரவில்லை.

"திருடலம்மா" என்றாள் பன்னு. அழுகையே இல்லாத குரல்.

"வாயில கிரீமோட நின்னுக்கிட்டுத் திருடலையா?" இரண்டாவது அடிக்குக் கை ஓங்கியது.

"அடிக்காதே. நான்தான் கொடுத்தேன்."

மனைவி திரும்பினாள்.

"இன்னிக்கு மட்டுமில்ல. ரெண்டு வருஷமா கொடுக்கறேன். எனக்கு நாக்கு செத்துப்போச்சு. மூக்கும் செத்துப்போச்சு. அந்தக் காய்ச்சலுக்கு அப்புறம் எனக்கு உப்பும் தெரியாது, சர்க்கரையும் தெரியாது. இவதான் எனக்காக ருசி பாக்கறா. இந்தத் தெரு ரெண்டு வருஷமா சாப்பிடறது இவ நாக்கு."

கடைவாசலில் ரொட்டி வாங்க வந்த இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள். தையல்காரரும் சத்தம் கேட்டு வந்துவிட்டார். மூட்டையைத் தோளில் சுமந்தபடி பின்வாசலில் நின்றார் மாவுக்காரர். பேக்கரிக்காரர் அவரிடம் திரும்பி, "அன்னிக்கு ரெண்டு தடவ உப்புப் போட்டது நான்தான். உங்க கை தடுமாறல" என்றார். மாவுக்காரர் மூட்டையை இறக்கி வைத்து நெடுநேரம் அதன் வாயைக் கட்டிக்கொண்டிருந்தார். ஏற்கனவே கட்டியிருந்த வாய்தான்.

மனைவி மெல்லக் கேட்டாள். "அப்போ ரெண்டு வருஷமா நான் சமைச்சுப் போட்டதுக்கெல்லாம் நல்லா இருக்கு, நல்லா இருக்குன்னு சொன்னது?"

"நல்லா இருக்கும்னு தெரியும்."

அவள் மேசையைப் பிடித்துக்கொண்டாள். கோபமா அழுகையா என்று அவளுக்கே பிடிபடவில்லை. "என்கிட்ட சொல்றதுக்கு என்னங்க? நான் உங்க நாக்கையா கட்டிக்கிட்டேன்? பிள்ளையோட ஈரல வெச்சா தொழில் பண்ணுவாங்க?"

மகளைக் கட்டிக்கொண்டு அடித்த இடத்தைத் தடவித் தடவி அவள் அழுதாள். நூற்றைம்பது கேக்குக்கான கிரீமை அன்று தையல்காரரும் மாவுக்காரரும் ஆளுக்கொரு கரண்டி ருசி பார்த்தார்கள். ஒருவர் இனிப்பு அதிகம் என்றார், ஒருவர் கம்மி என்றார். பேக்கரிக்காரர் வேறு வழியில்லாமல் அப்படியே அனுப்பினார்.

மறுநாள் அவர் கடைவீதிக்குப் போய் ஒரு சின்னத் தராசு வாங்கி வந்தார். கைப்பிடிக் கணக்கு, கண் கணக்கு எல்லாம் அன்றோடு போயிற்று. உப்பும் சர்க்கரையும் கிராம் கணக்கில் விழுந்தன. ருசி பார்ப்பது மாவுக்காரருடைய வேலை ஆயிற்று. "இப்பத்தான் எலிப்புழுக்கைக்கு மரியாதை" என்று அவர் கழுத்தை நிமிர்த்திக்கொண்டார். வாங்க வருகிறவர்கள் ஒரு வாரம் சந்தேகமாகப் பார்த்தார்கள். பிறகு பழையபடி வாங்கினார்கள். இத்தனை நாள் அவர் எதற்குப் பயந்தாரோ அது ஒரு வாரச் சமாசாரம்தான்.

எல்லாம் சரியானது, பன்னுவைத் தவிர. அவள் வேலையறைப் பக்கமே வரவில்லை. போட்டதைச் சாப்பிட்டாள், கொடுத்ததை எழுதினாள். நடக்கக் கூப்பிட்டால் கால் வலி என்றாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் துணி காயப்போடும் கொடிக்கடியில் அவள் உட்கார்ந்திருந்தபோது அவர் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"கேக்கு சாப்பிடணும் போல இருக்காடா?"

"இல்ல."

"அம்மா மேல கோபமா?"

"இல்ல."

"அப்பா மேல?"

கொடியில் தொங்கிய துணி நுனியை இழுத்து விட்டாள். பிறகு, "இனிமே நான் உனக்கு எதுக்குப்பா?" என்றாள்.

அவர் எதிர்பார்க்கவில்லை. அந்தக் கேள்வி அடுப்பு வாயைத் திறந்த மாதிரி முகத்தில் அடித்தது. இத்தனை நாளும் அவள் வாய்க்கு ஆசைப்பட்டு வருகிறாள் என்றல்லவா எல்லாரும் நினைத்திருந்தார்கள். உலகத்தில் ஓரிடத்தில், ஒரு டின்னின் மேல், அவள் தேவைப்பட்டாள். அவர் அவளை இழுத்து மடியில் சாய்த்துக்கொண்டு அழுதார். வெட்கமில்லாமல் அழுதார்.

அடுத்த தடவை ஆஸ்பத்திரிக்குப் போனபோது டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவர் திட்டவில்லை. நோட்டைத் திறந்து, கிள்ளல் என்று ஒரு தனிக் கட்டம் போட்டுக் கொடுத்தார். "இனிமே இதுவும் எழுதணும்." பன்னு நிமிர்ந்து கேட்டாள்.

"டாக்டர், அப்பாவோட மூக்குக்கு மருந்து இருக்கா?"

"அதுக்கும் பெருசா மருந்து இல்லடா. தினமும் வேற வேற வாசனையா நிதானமா மோந்து பழகினா சிலருக்குக் கொஞ்சம் திரும்பும். திரும்பாமலும் போகலாம். மாசக்கணக்குல விடாம பண்ணணும். பொறுமையா யாராவது கூட நின்னு பண்ண வைக்கணும்."

"நான் பண்ண வைக்கறேன்" என்றாள் பன்னு.

அன்றையிலிருந்து அந்தத் தெரு ஒரு வேடிக்கை பார்த்தது. காலை ஏழு மணிக்கு, கடையை மனைவியிடம் விட்டுவிட்டு, அப்பாவும் மகளும் நடக்கக் கிளம்புவார்கள். இரண்டு எட்டுக்கு ஒருதரம் மகள் அப்பாவை நிறுத்துவாள். காப்பிக் கடை வாசலில், "கண்ண மூடு. மூச்ச உள்ள இழு. வறுத்த கொட்டை. லேசா கருகல். தெரியுதா?" "இல்ல." மரப் பட்டறையில் ஒரு கை இழைப்புச் சுருளை அள்ளி அவர் மூக்கருகே பிடிப்பாள். "ஈர மரம்ப்பா. கொஞ்சம் துவர்ப்பு மாதிரி. தெரியுதா?" "இல்லடா." சைக்கிள் கடையில் ரப்பர் பசை. தையல்கடையில் ஈரத் துணிமேல் இஸ்திரி. தையல்காரர் அதற்காகவே ஒரு துணியை நனைத்து வைத்திருப்பார். "வாங்க வாங்க, மூக்கு கோஷ்டி வந்தாச்சு" என்று கடைக்குக் கடை கேலி பேசினார்கள். ஒருத்தராவது போ என்று சொல்லவில்லை.

முதல் வாரம் பட்டறைவரை போவதற்குள் அவளுக்கு மூச்சு வாங்கியது. அப்பாவுக்கு வாசனை விளக்குகிற மும்முரத்தில் அதை மறந்தாள். பட்டறை போதாது என்று ஆற்றங்கரைவரை போனார்கள். அங்கே சேறு, ஈரப் புல், மீன்வலை. புது வாசனை வேண்டும் என்று தெருக்கள் மாறின. அவள் பாவாடை நாடாவை இழுத்துக் கட்ட ஆரம்பித்ததை யாரும் கவனிக்கவில்லை, தையல்காரரைத் தவிர. அவரும் வாயைத் திறக்கவில்லை. கண் பட்டுவிடும் என்று ஊசியை வாயில் வைத்துக்கொண்டார்.

ஒரு வருஷம் கழித்து எடுத்த ஸ்கேனைப் பார்த்து டாக்டரம்மா, "மன்னிச்சிடுச்சு" என்றார். எடை ஒரு கிலோதான் கூடியிருந்தது. உயரம் ஏழு சென்டிமீட்டர். கழுத்துப் பட்டை வெளுத்திருந்தது. ரத்தத்தில் இருந்த ஈரல் அளவு இறங்கி இருக்கவேண்டிய இடத்துக்கு வந்திருந்தது. "இதோட விட்டுடாதீங்க, நடங்க" என்றார். மனைவி ஆஸ்பத்திரிப் படியிலேயே உட்கார்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை வழக்கம்போலக் கிளம்பினார்கள். மழை பெய்து விட்டிருந்தது. ஆற்றங்கரை போய்த் திரும்பி, தெருமுனைக்கு வந்தபோது பேக்கரிக்காரர் சட்டென்று நின்றார். மூக்குக்குள் ஏதோ ஒன்று. மெலிதாக, சுடச்சுட, கருகலாக. மூன்று வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது ஒரு வாசனை அவரை நிறுத்தி.

"பன்னு, ரொட்டி கருகற மாதிரி வருது. உனக்கு வருதா?"

அவள் நின்றாள். முகத்தை உயர்த்திக் கண்ணை மூடிக்கொண்டாள். காற்று கடைப்பக்கமிருந்துதான் வந்தது. அவள் ஒரு தடவை இழுத்துப் பார்த்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள். இன்னொரு தடவை இழுத்தாள். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் அந்த மனிதர் அங்கேயே கூத்தாடியிருப்பார். அவர் அப்படி எத்தனையோ தடவை, தெரியாததைத் தெரியும் என்று சொல்லிக் காலம் தள்ளியவர்.

"வரலப்பா" என்றாள். "எதுவும் கருகல. வெறும் மழைதான்."

அவர் தலையாட்டினார். அவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

பன்னு கடையைப் பார்த்தாள், வந்த வழியைப் பார்த்தாள். அவளுக்கு மூச்சு சீராக இருந்தது.

"இன்னொரு சுத்து போலாமாப்பா?"

"பள்ளிக்கூடத்துக்கு நேரமாகல?"

"ஓடினா ஆகாது" என்று சொல்லிவிட்டு அவள் ஓடினாள். அவர் வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு பின்னால் போனார். எட்டிப் பிடிக்க முடியவில்லை.